அணைத்த லாரி சொன்ன சகுனம்

முத்திருளனுக்கு ஒரு லாரி இருந்தது. இதைச் சொல்லிவிட்டால் அவனைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி. மீதிப் பாதியும் லாரிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் செக்கானூரணிக்கு மேற்கே கிடந்த ஊர்களில் எல்லாம் சேர்த்து லாரி வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். கம்பத்துப் பக்கம் ஒரு எஸ்டேட்காரர் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்டதை வாங்கி, பச்சை வர்ணம் அடித்து, பருத்தியும் நிலக்கடலையும் ஏற்றி மதுரைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியின் நெற்றியில் சந்தனம் வைத்தது அவன் அம்மா சீனியம்மாள். அவனுக்கு அதெல்லாம் பிடிக்காது. ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து சகுனம், சாத்திரம் எல்லாவற்றையும் தலைமுழுகிவிட்ட ஆள். பூனை குறுக்கே போனால் பூனைக்குத்தான் கெட்ட நேரம் என்பான்.

அப்பேர்ப்பட்டவன் மூன்று மாதம் ஒரு பல்லியோடு மல்லுக்கட்டினான்.

விஷயம் இதுதான். அவனுக்கு அன்னக்கொடியைக் கட்ட வேண்டும். அன்னக்கொடி தாய்மாமன் சின்னச்சாமியின் மகள். அக்காள் மகன் முறை கேட்டு வந்தால் மாமன் முடியாது என்று சொல்லிவிட முடியாது; சொன்னால் பங்காளிகள் கூடி, ஏன் முடியாது, எதுக்கு முடியாது என்று ஆளை உரித்துவிடுவார்கள். அந்த வகையறாவில் பெண் கேட்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மாதம் ஒரு தடவையாக மூன்று தடவை, மாப்பிள்ளையின் தாய் வெற்றிலை கொண்டுபோய்க் கேட்க வேண்டும். கேட்கும் நேரத்தில் சகுனம் தடுக்காமல் இருந்தால் அந்தத் தடவையே பேச்சு முடிந்தது. தடுத்தால் அடுத்த மாதம். மூன்று தடவையும் தடுத்துவிட்டால் முறை அறுந்தது. அப்புறம் அவனவன் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், யாருக்கும் யார் மேலும் வருத்தம் கூடாது. பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் அதில் எந்த இடத்திலும் கிடையாது.

முதல் தடவை சித்திரையில் போனார்கள். லாரியிலேதான் போனார்கள். மாமன் வீட்டு வாசலில் கோழிகளைச் சிதறடித்துக்கொண்டு வந்து, இடது பக்கம் அடுப்படிச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ராஜா மாதிரி இறங்கினான் முத்திருளன். அன்னக்கொடி வாசலுக்கு வந்தாள்.

"ஒரு வாளித் தண்ணி கொண்டா, ரேடியேட்டர் கொதிக்குது" என்றான்.

அவள் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஊற்றினான். லாரி வாங்கிய இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த வாசலுக்கு வந்திருக்கிறான், ஒவ்வொரு தடவையும் இதேதான் சொல்லியிருக்கிறான். வேறு ஏதாவது சொன்னதாக அவனுக்கே ஞாபகம் இல்லை.

அணைத்த பிறகு அந்த லாரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. அடிவயிற்றிலிருந்து டக், டக், டக்கென்று ஏதோ தெறிக்கும். முதலில் படபடவென்று வரும், போகப்போக ஓயும். முத்திருளன் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அன்றும் அது தெறித்து ஓய்ந்தது. மாமன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். சீனியம்மாள் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

"தம்பி, எம் மகனுக்கு உம் மகளைக் கேட்டு வந்திருக்கேன். என்னா சொல்ற?"

டக். டக். டக்.

இடது பக்கமிருந்து வந்தது. அளவாக மூன்று. சின்னச்சாமியின் முகம் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது. இந்தச் சின்னச்சாமி இருக்கிறாரே, கிடாய் வாங்குவதற்கும் பல்லியைக் கேட்பார், கிடாயை விற்பதற்கும் பல்லியைக் கேட்பார். ஒரு தடவை பல்லி சொல்லவில்லை என்று மூன்று நாள் சவரம் பண்ணாமல் இருந்தவர்.

"பல்லி தடுத்துருச்சு அக்கா. எடப்பக்கம் சொல்லுது" என்று தரையை விரலால் தட்டினார்.

"பல்லியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மாமா. வண்டிச் சத்தம்" என்றான் முத்திருளன்.

"வண்டியத்தான் அணைச்சுட்டியே மாப்ள. அணைச்ச வண்டி பேசுமா? உள்ளுக்குள்ள பல்லி இருக்கு."

அன்னக்கொடி உள்ளேயிருந்து பாக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மாமன் ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துப் பார்த்து, "என்னாம்மா, வெட்டாம முழுசாக் கொண்டாந்து வச்சிருக்க?" என்று முனகிவிட்டு அப்படியே வாயில் போட்டு அதக்கிக்கொண்டார். அன்றைக்குப் பேச்சு அதோடு சரி.

முத்திருளனுக்கு வந்த ஆத்திரத்தில் ஊர் எல்லை வரைக்கும் ஹார்னை அமுக்கிக்கொண்டே போனான். பல்லியாம் பல்லி! தன் வண்டி தனக்கே குழி பறித்துவிட்டதே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாளே லாரியைச் சுற்றி வேப்பிலைப் புகை போட்டான். பல்லி இருந்தால் ஓடட்டும் என்று இல்லை, பல்லி இல்லை என்று காட்டுவதற்கு. உள்ளேயிருந்து இரண்டு கரப்பான்பூச்சி வெளியே வந்தது. உசிலம்பட்டி பஸ் டிரைவர் காசிமாயன் வந்து பார்த்துவிட்டு, "ரேடியேட்டர்ல தண்ணி கொதிச்சு அடங்குற சத்தம் மாப்ள, நான் பத்து வருசமா பாக்குறேன்" என்று அடித்துச் சொன்னான். ரேடியேட்டரைக் கழற்றி, புளித்தண்ணீர் விட்டு அலசி மாட்டினார்கள். டக் டக் நிற்கவில்லை. "அப்போ ஸ்பிரிங் பட்டை. பாரம் எறங்கினதும் நிமிருது" என்றான் காசிமாயன், பத்து வருஷ அனுபவத்தில் கொஞ்சமும் குறையாமல். பட்டைகளுக்கு எல்லாம் எண்ணெய் போட்டார்கள். எண்ணெய் போட்ட பட்டையோடு லாரி முன்னைவிடச் சுகமாக டக் டக் என்றது.

வைகாசியில் இரண்டாவது தடவை. அதே வாசல், அதே சுவர், அதே வாளித் தண்ணீர். இந்தத் தடவை முத்திருளன் முன்யோசனையாக அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிப் பொழுதைப் போக்கினான். வண்டி தெறித்து முடித்து, ஓய்ந்து, சவமாகக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினான்.

"தம்பி, எம் மகனுக்கு உம் மகளை…"

டக். டக். டக்.

"மாமா, இது இரும்பு! பல்லி இல்ல, இரும்பு! வாங்க, தொறந்து காட்டுறேன்" என்று குதித்தான் முத்திருளன்.

"இரும்பாவே இருக்கட்டும்ப்பா. அக்கா கேட்டதும் சொல்லுச்சா இல்லையா? பல்லி சொன்னாக்கூட அயத்து மறந்து சொல்லிருச்சுன்னு வைக்கலாம். இரும்பே சொல்லுதுன்னா எம்புட்டுப் பெரிய தடை!"

முத்திருளன் அம்மாவை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை. ஆனியில் அதுவும் தட்டிப்போனால் அன்னக்கொடி இல்லை. பாவம், அவனுக்கு உண்மையிலேயே அவள் மேல் ஆசை இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துவருவதை எத்தனையோ நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நினைத்துக்கொண்டே போயிருக்கிறான். ரோட்டில் நினைத்ததை வாசலில் இறங்கியதும் சொல்ல வராது. ரேடியேட்டர்தான் வாயில் வரும்.

ஆரப்பாளையத்தில் ஃபிட்டர் சௌந்தரராஜன் என்று ஒருவர் இருக்கிறார், சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுவார் என்றார்கள். அங்கே ஓடினான். சௌந்தரராஜனுக்கு ஐம்பது வயதிருக்கும். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. எட்டுத் தறி ஒன்றாக ஓடும் வீட்டில் எந்தத் தறி தப்பாக அடிக்கிறது என்று தூக்கத்திலேயே சொல்லுவாராம். வீட்டிற்குள் பார்த்துத் தங்கள் வீட்டுப் பாஷையில் காப்பி கேட்டுவிட்டு, ஒரு முழ நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஓட்டிட்டு வந்து அணையுங்க தம்பி" என்றார்.

முத்திருளன் வைகைக் கரை வரைக்கும் போய்த் திரும்பிவந்து அணைத்தான். சௌந்தரராஜன் கம்பியின் ஒரு முனையை வண்டியின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எஞ்சினில் வைத்தார், கியர்ப்பெட்டியில் வைத்தார், சக்கரத்தில் வைத்தார். பிறகு துண்டை விரித்து லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டார். லாரி டக் டக் என்றது. அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"இருபத்தேழு" என்று எழுந்து வந்தார். "ஓடுறப்போ வர்ற சத்தம்தான் வியாதி. நின்னப்புறம் வர்றது பெருமூச்சு. சைலன்சர் குழாய் சூட்டுல நீண்டுடும். ஆறுறப்போ சுருங்கும். பிடிச்சிருக்கிற பட்டை இறுக்கமா இருக்கிறதால உரசி உரசித் தெறிக்குது. ஒண்ணும் பண்ண வேண்டாம், போங்க."

"இல்ல, நிப்பாட்டியே ஆகணும்."

"எதுக்கு? எந்த வண்டியும் பண்றதுதானே?"

முத்திருளன் வேறு வழியில்லாமல் கதையைச் சொன்னான். சௌந்தரராஜன் சிரிக்கவில்லை. வைத்தியர் கேட்பதுபோல் கேட்டார்.

"கேள்வி கேட்டதும் எத்தனை தடவை தெறிச்சுது?"

"மூணு."

"ரெண்டாவது மாசம்?"

"அப்பவும் மூணுதான்."

"வேகமா வந்து மெதுவாச்சா?"

"இல்ல, ஒரே சீரா வந்துச்சு. மூணு வந்துச்சு, நின்னுருச்சு."

"அதுவும் வண்டி அணைச்சு அரை மணி நேரம் கழிச்சு?" சௌந்தரராஜன் கம்பியால் முதுகைச் சொறிந்துகொண்டார். "அது இந்தச் சத்தம் இல்லை தம்பி. குழாய்க்கு எண்ணத் தெரியாது. மூணோட நிறுத்துறதுக்கு அதுக்கு என்ன அவசியம்? அங்கே வேற என்ன இருக்குன்னு பாருங்க."

ஆனைவிலை கொடுத்தாலும் கிடைக்காத யோசனை. முத்திருளன் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. அவனுக்கு லாரி டக் டக் என்பது காதில் கேட்கிறது, பெண் கைவிட்டுப் போவது கண்ணில் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் அவன் புத்தியில் ஏறவில்லை.

"நீங்க மொத இதை நிப்பாட்டுங்க" என்றான்.

நிறுத்தினார். நான்கு நாள் ஆயிற்று. பட்டைகளைத் தளர்த்தி, குழாய்க்கும் பட்டைக்கும் நடுவே சூடு தாங்கும் கல்நார்க் கயிற்றைச் சுற்றி மறுபடி முடுக்கினார். அணைத்துப் பார்த்தால் பத்துத் தெறித்தது. பின்பக்கப் பட்டைக்கும் கயிறு சுற்றினார். இரண்டு தெறித்தது. ஐந்தாம் நாள் முத்திருளன் பசுமலை வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்து அணைத்தான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லாரி வாயே திறக்கவில்லை. முத்திருளன் சௌந்தரராஜனைக் கட்டிப்பிடித்துவிட்டான். அவர் கையிலிருந்த கிரீஸ் எல்லாம் இவன் சட்டையில்.

இருந்தாலும் சூடு கண்டவன் அல்லவா? கேட்கப் போகிற நாளுக்கு முந்தின நாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வண்டியே போகாவிட்டால்? வண்டி இல்லாத இடத்தில் எந்தக் குழாய் தெறிக்கும், எந்த இரும்பு பேசும்? இதை முதல் மாதமே யோசிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான். லாரியில்லாமல் மாமன் வீட்டிற்குப் போகலாம் என்பதே அவனுக்கு அதுவரைக்கும் தோன்றியதில்லை. வண்டியை ஆரப்பாளையத்திலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஊருக்கு வந்து, மறுநாள் காலையில் அம்மாவோடு மூன்று மைல் நடந்தான். சீனியம்மாள் வெற்றிலைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தாள். அவன்தான் வழி நெடுகப் பேசினான். கல்யாணத்திற்கு லாரிக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பது வரைக்கும் பேசினான்.

"வண்டி எங்க மாப்ள?" என்றார் சின்னச்சாமி.

"ரிப்பேருக்கு விட்டிருக்கேன் மாமா."

இடது பக்கம் அடுப்படிச் சுவரை ஒட்டி, லாரி எப்போதும் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதில் ஒரு கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. சுற்றிலும் அப்படி ஒரு அமைதி. முத்திருளன் ஜெயித்துவிட்டவனாகக் காலை நீட்டி உட்கார்ந்தான். சீனியம்மாள் தட்டை வைத்தாள்.

"தம்பி, மூணாந்தடவையாக் கேக்குறேன். எம் மகனுக்கு உம் மகளைக் குடுக்கிறியா?"

டக். டக். டக்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய்க் கறை இருந்தது. அதற்கு மேலே, லாரி நின்ற நாளெல்லாம் அது மறைத்துக்கொண்டிருந்த அடுப்படி ஜன்னல் இருந்தது. முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டவர் சின்னச்சாமி. அவர் கை தரையைத் தட்டப் போய், தட்டாமல் நின்றுவிட்டது.

அன்னக்கொடி பாக்குத் தட்டோடு வெளியே வந்தாள். தட்டில் கொட்டைப்பாக்குகள் முழுசாகக் கிடந்தன. பக்கத்தில் பாக்குவெட்டி. அவள் கை நடுங்கியதில் பாக்குவெட்டி தட்டில் பட்டுக் கடகடத்தது. ஆனால் முகத்தை அவள் தாழ்த்தவில்லை.

"வண்டி வரலையா மச்சான்?" என்றாள். "தண்ணி எடுத்து வச்சிருந்தேன்."

வாசற்படி ஓரத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. முத்திருளன் அதைப் பார்த்தான், பாக்குவெட்டியைப் பார்த்தான். பாக்கே வெட்டாத பாக்குவெட்டி மூன்று மாதமாகச் சத்தம் போட்டிருக்கிறது. எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் போதும். பங்காளிகள் ஓடிவருவார்கள், சகுனத்தில் கள்ளத்தனம் பண்ணினவள் என்று அவளை நடுவில் நிறுத்துவார்கள், இந்த மாதமே தாலி கட்டிவைத்துவிடுவார்கள். மாமனுக்கும் அது தெரியும். அவர் நெற்றியில் வேர்த்து ஊற்றியது. அன்னக்கொடிக்கும் தெரியும். தெரிந்துதான் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தான். இவ்வளவு பயந்துபோயும் ஒருத்தி தன்னை வேண்டாம் என்கிறாளே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னா மாப்ள… என்னா சொல்ற?" என்றார் மாமன்.

"நான் என்ன மாமா சொல்ல?" முத்திருளன் அம்மா வைத்த தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திருப்பி வைத்தான். "பல்லிதான். நீங்க சொன்னதுதான் சரி. மூணு தடவையும் தடுத்துருச்சு. முறையை விட்டுட்டேன்."

பூனைக்குக் கெட்ட நேரம் பார்க்கிறவன் வாயாலேயே பல்லி என்று சொன்னான். சின்னச்சாமி எழுந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்னக்கொடி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தாயும் மகனும் திரும்பி ஒரு மைல் நடந்தார்கள். பிறகு அவன்தான் கேட்டான்.

"நீ பாத்தியாம்மா, அந்தப் பாக்குவெட்டிய?"

"பாக்குறது என்னா? மொதத் தடவையே கேட்டுச்சு. பாக்குவெட்டிச் சத்தம் தெரியாத பொம்பளையாடா நானு?"

அவன் நடுரோட்டில் நின்றுவிட்டான். "தெரிஞ்சுமா ரெண்டு தடவ கூட வந்து கேட்ட? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"சொன்னா நீ அந்தப் பிள்ளை மேல பழியப் போட்டு ஊரக் கூட்டியிருப்ப. அவ மனசு மாறுவாளான்னு பாத்தேன். நீ மாறுவியான்னும் பாத்தேன். நீ வண்டிக்கு அடியிலயே கெடந்த." சீனியம்மாள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். வெயில் ஏறியிருந்தது. "உங்கப்பனுக்கு என்னையக் கேட்டு வந்தாக பாரு, அன்னைக்கும் நாந்தான் அடுப்படியில உக்காந்து பாக்கு வெட்டுனேன். வேண்டாம்னுதான்டா இருந்துச்சு. என்னா செய்யிறதுன்னு தெரியாம, இருந்த பாக்கு அம்புட்டையும் வெட்டிக் குடுத்துட்டேன்."

கொஞ்ச தூரம் போய், கூடையை அவளிடமிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆரப்பாளையம் போனான். சௌந்தரராஜன் கம்பியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே எதிரே வந்தார்.

"என்ன தம்பி, சத்தம் வந்துச்சா?"

"வண்டியில வரலை" என்றான் முத்திருளன்.

"வண்டியில எப்படி வரும்? நேத்தும் இங்கே ஓட்டி அணைச்சுப் பார்த்தேன், கல்நார்னா கல்நார்தான்! இனிமே பத்து வருஷத்துக்கு வாயத் திறக்காது" என்று அவர் பெருமையாக சைலன்சரைத் தட்டிக்கொடுத்தார். அவன் அவரிடம் மேற்கொண்டு எதையும் சொல்லவில்லை. நல்ல மனுஷர், முதல் நாளே சரியாகச் சொன்னவர், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

லாரியை ஓட்டிக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலில் நிறுத்தி அணைத்தான். ஒரு சத்தமும் இல்லை. அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்தது. சீனியம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வண்டி வந்ததே தெரியலையேடா" என்றாள்.

"அம்மா, ஒரு வாளித் தண்ணி…" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். இறங்கிப்போய், வாசலில் கிடந்த வாளியை அவனே எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தான்.